சைடு எஃபெக்ட் இல்லாததா ஒண்ணு குடுங்கக்கா

இந்தக் கேள்வி பெரும்பாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வரும். முதலில் ஒரு டோலோ கேட்பார்கள், இல்லையென்றால் நாலு விக்ஸ் மிட்டாய். பக்கத்தில் நிற்பவர் பில் வாங்கிக்கொண்டு போகும்வரை செல்போனைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கவுண்டரில் சாய்ந்து, "அக்கா, இந்தப் படபடப்புக்கு இயற்கையா ஏதாவது இருக்கா? சைடு எஃபெக்ட் இல்லாததா?"

மதுரையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவருமாக ஆரம்பித்த கடை. கொள்முதல், கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் அவர், கவுண்டர் நான். அதனால் பெண்கள் என்னிடம் கொஞ்சம் தாராளமாகவே பேசுவார்கள். "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது", "நெஞ்சு படக்கு படக்குங்குது, ஈசிஜி எடுத்தா ஒண்ணுமில்லங்கிறாங்க", "ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது, சும்மா சும்மா அழுகையா வருது". ஆண்கள் இவ்வளவு பேசமாட்டார்கள். விளம்பரத்தில் பார்த்த பாட்டிலின் படத்தை போனில் காட்டி, "இது இருக்கா?" என்பதோடு சரி.

இதைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு தங்கச்சி ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். "ஒரே வரியில சொல்லுங்கக்கா, வேலை செய்யுமா செய்யாதா?" என்கிறாள். ஒரே வரிதான் வேண்டுமென்றால் இதோ: லேசான தொந்தரவுக்கு இந்த மூலிகைகளில் சிலது கொஞ்சம் கைகொடுக்கும், உடம்பில் ஏதாவது குறைந்திருந்தால் அதை நிரப்புவது நன்றாகவே கைகொடுக்கும், படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பவருக்கு இவை எதுவும் போதாது. நேரம் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

அமுக்கராவில் ஆரம்பிக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் கேட்கிறார்கள். அஸ்வகந்தா என்று பாட்டிலில் வந்தாலும் அமுக்கராக்கிழங்கு என்று காகிதப் பொட்டலத்தில் வந்தாலும் செடி ஒன்றுதான். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம்தான் இது பெருமளவில் விளைகிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாக நம் ஊர் வரைக்கும் வருகிறது.

எங்கள் கடைக்கு எதிர்வரிசையில் ஒரு நாட்டு மருந்துக் கடை. அதை நடத்தும் பெரியவரைத் தெருவே பெரியப்பா என்றுதான் கூப்பிடும். அமுக்கரா சூரணத்தின் சேர்மானத்தை ஒருநாள் அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. கேட்க அழகாக இருந்தது. நான் பில் பேப்பரின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 255 பங்கு. அதில் சர்க்கரை மட்டும் பாதி, அமுக்கரா கால்வாசி. ஆக, பாலில் ஒரு டீஸ்பூன் கலக்கிக் குடித்தால் கால் டீஸ்பூன் அமுக்கராவும் அரை டீஸ்பூன் சர்க்கரையும் உள்ளே போகிறது. சுகர் மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா, நிம்மதியாகத் தூங்கலாமே என்று இதைக் காலை மாலை இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டு, "சுகர் மட்டும் ஏன்தான் இறங்கமாட்டேங்குதுன்னு தெரியலம்மா" என்று என்னிடம் புலம்பியிருக்கிறார். பெரியப்பாவிடம் வாங்கியிருந்தால் அவர் முதல் கேள்வியாகவே "சுகர் இருக்கா தாயி?" என்று கேட்டிருப்பார். அந்த அம்மாவுக்கு யாரோ பஸ்ஸில் சொன்னதாம்.

அமுக்கராவுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் ஹைதராபாத்தில் நடந்த ஒரு ஆய்வைத்தான் எல்லா கம்பெனிக்காரர்களும் எடுத்து நீட்டுவார்கள். 64 பேர், பாதிப் பேருக்கு அமுக்கரா வேரின் செறிவூட்டிய சத்து 300 மில்லிகிராம் தினம் இருவேளை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று கேப்ஸ்யூல். 60 நாள் கழித்துப் பார்த்ததில், மருந்து சாப்பிட்டவர்களின் ஸ்ட்ரெஸ் மதிப்பெண் 44 சதவீதம் இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 5.5 சதவீதம்தான். ரத்தத்தில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் குறைந்திருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் 64 பேர் என்பது எங்கள் தெருவில் ஒரு வரிசை வீட்டில் இருக்கும் ஆட்கள். அவர்களும் நாள்பட்ட ஸ்ட்ரெஸ்ஸில் இருந்தவர்களே தவிர, டிப்ரஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து வந்தவர்கள் அல்ல. பிறகு வந்த ஆய்வுகளும் முக்கால்வாசி இப்படிச் சின்னச் சின்னவையே. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று பெரும்பாலும் சொல்கின்றன. அந்த ஆய்வுகளில் கொடுத்தது சத்து பிரித்தெடுத்த கேப்ஸ்யூல். அதே பலன் சர்க்கரை கலந்த சூரணத்துக்கும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் அது வராது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. இதைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் அது அபூர்வம்தான். இருந்தாலும் சாப்பிடும் நாளில் உடம்பு அரித்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் பாட்டிலை மூடிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்துவிட்டது. அது கொஞ்சம் அதீதம் என்பது என் எண்ணம். ஆனால் நம் ஆயுஷ் அமைச்சகமே 2021-ல், வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. அதனால் பாட்டிலில் 'வேர்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாட்டிலைப் பார்ப்பது என்றதும் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் ஒரு விஷயம். ஆன்லைனில் வாங்கிய டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். முன்பக்கம் தியானம் செய்யும் பெண், பச்சை இலை, 'அமைதி', 'சமநிலை' என்று என்னென்னவோ. நான் டப்பாவைத் திருப்பி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டுவேன். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்று ஒரு வரி, 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று இன்னொரு வரி. அதாவது, இது மருந்தல்ல, மருந்தாகப் பயன்படுத்தாதீர்கள் என்று கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதாமல் விற்க முடியாது, 2016-ல் வந்த விதி அப்படி. உணவு என்று லைசென்ஸ் வாங்குவதால் மருந்துக்குக் கேட்கும் சோதனைகளை இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. சித்த, ஆயுர்வேத மருந்தாக லைசென்ஸ் வாங்கியது இன்னொரு வகை, அதில் மருந்து லைசென்ஸ் எண் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், டப்பாவுக்கு 700, 800 ரூபாய் கொடுக்கிறார்கள். நான் சாப்பிட்ட எஸ்சிடாலோபிராம் என்ற டிப்ரஷன் மாத்திரை அட்டை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் அதுவும் இலவசம்.

சரி, அடுத்தது ஜெர்மனி.

எங்கள் பகுதிக்குப் பக்கத்து ஊரில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அங்கிருந்து மருந்து வாங்க வரும் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. ஒருநாள் வெளிநாட்டு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "தங்கச்சி ஜெர்மனியில இருந்து அனுப்பினவ அக்கா. அங்க பாமசியிலதானாம் விக்கிறது. மூலிகையாம், ஒண்டும் செய்யாதாம்." பெட்டியில் மஞ்சள் பூ. யோஹானிஸ்கிரவுட், ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்.

இந்த மஞ்சள் பூச்செடிக்குத்தான் மூலிகைகளிலேயே டிப்ரஷனுக்கு அதிகமான ஆதாரம் இருக்கிறது, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2008-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 29 ஆய்வுகளை, அதில் இருந்த 5,489 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான டிப்ரஷன் மாத்திரைகளுக்கு ஏறத்தாழ சமம், பக்கவிளைவு அவற்றைவிடக் குறைவு என்று சொன்னது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. 2002-ல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இது தோற்றுப்போனது. அதே ஆய்வில் செர்ட்ராலின் என்ற டிப்ரஷன் மாத்திரையும் வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை, அதை மட்டும் மூலிகை எதிர்ப்பாளர்கள் சொல்லமாட்டார்கள்.

ஆனால் எனக்கு அந்தப் பெண்ணிடம் இந்தக் கதையெல்லாம் பேச நேரமில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறம்மா?"

"வேற ஒரு குளிசையும் இல்லை அக்கா."

"சத்து மாத்திரை, தைராய்டு, எதுவும்?"

"இல்லை."

"கருத்தடை மாத்திரை?"

"ஓம், மாலா எடுக்கிறனான். அதுவும் மருந்தே?"

மாலா-என், அரசு சுகாதார நிலையத்தில் கொடுப்பது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் உள்ளே போனால், கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் என்சைம்களை முடுக்கிவிடும். மற்ற மாத்திரைகள் வேலை செய்து முடிக்கும் முன்பே உடைந்து வெளியே போய்விடும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். இடையில் ரத்தக்கறை படுகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நாளாகப் படுகிறது என்றாள். அன்றைக்கே மஞ்சள் பூப் பெட்டியை நிறுத்தச் சொல்லி, அதோடு நிறுத்திய பிறகும் ஒரு மாதத்துக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும் என்று சொல்லி, பெட்டியையும் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன்.

இது கருத்தடையோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. 2000-ல் சூரிச்சில், இதயமாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேருக்கு மாற்றிய இதயத்தை உடம்பு ஏற்காமல் போக ஆரம்பித்தது. விசாரித்தால் இரண்டு பேருமே இந்த மூலிகையைச் சாப்பிட்டிருந்தார்கள். இதயத்தைக் காப்பாற்ற வேண்டிய சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் இறங்கிப்போயிருந்தது. அதே வருடம் எச்.ஐ.வி. மருந்து இண்டினாவிர் விஷயத்திலும் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினுக்கும் இதே கதி. டிப்ரஷன் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் செரோடோனின் என்ற மூளை ரசாயனம் எகிறிப்போய், காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். வேலை செய்கிற பொருள் என்பதால்தான் இத்தனையும். ஒன்றும் செய்யாத பொருள் என்றால் இதையும் செய்யாது.

'இயற்கை என்றால் சாது' என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு கதை சர்ப்பகந்தா. நம் நாட்டு வேர். 1931-ல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும், பைத்தியத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் இது கேட்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. உலகம் முழுக்க பி.பி. மாத்திரையாக ஓடியது. கொஞ்ச நாளில், இதைச் சாப்பிடும் சிலர் சோர்ந்து சுருண்டுவிடுகிறார்கள், தற்கொலை எண்ணம் வருகிறது என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மூளையில் செரோடோனின் போன்ற ரசாயனங்கள் குறைவதால்தான் டிப்ரஷன் வருகிறதோ என்ற யோசனைக்கே இந்த வேர்தான் ஒரு காரணம். அந்தத் தொடர்பு அப்போது நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும், பெரியப்பா இதை யாருக்கும் சும்மா எடுத்துக் கொடுக்கமாட்டார். "வைத்தியர் சீட்டு இருக்கா?" என்பார்.

இனி, நான் தைரியமாக 'போய்ப் பாருங்க' என்று சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். சுகருக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின். சுத்த சைவம். அவருடைய மகள் வந்து அஸ்வகந்தா கேட்டாள். "அப்பா பேசறதே இல்லக்கா. கோயிலுக்குப் போறதில்ல, பேப்பர் படிக்கிறதில்ல, எதைக் கேட்டாலும் மறந்துபோச்சுங்கிறாரு." கால் மதமதப்பு உண்டா என்றேன். "ஆமா, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியலங்கிறாரு." மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும், சைவச் சாப்பாட்டில் பி12 வருவதே பால், தயிர் வழியாகத்தான். குறைந்துபோனால் ரத்தசோகை மட்டுமில்லை, கால் மதமதப்பு, மறதி, சோர்வு, மனம் சுருங்கிப்போவது எல்லாம் வரும். டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். ரொம்பக் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள். சில வாரங்கள் கழித்து அவரே நேரில் வந்து, மெட்ஃபார்மின் அட்டையில் நான் நாலு மாத்திரை குறைத்துக் கொடுத்துவிட்டதாகச் சண்டை போட்டார். எண்ணிக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாருடைய சோர்வும் பி12 ஊசியில் போய்விடாது. ஆனால் அஸ்வகந்தாவுக்கு 800 ரூபாய் கொடுக்கும் முன் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சுகர் இவற்றைப் பார்த்துவிடுவது நியாயம். தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாகி அழுதுகொண்டிருப்பார், கூடினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. இரண்டையும் 'டென்ஷன்' என்று சொல்லிக்கொண்டு வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைட்டமின் டி-யும் இதில் சேரும், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் சாஷே எழுதிக் கொடுப்பார்கள், சில வாரங்களுக்கு. நம் ஆட்கள் அந்தச் சீட்டையே பத்திரமாக வைத்துக்கொண்டு வருடம் முழுக்க வாங்குவார்கள். 'சும்மா சத்துதானே' என்பார்கள். டி கூடினால் கால்சியம் ஏறும்; குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல், குழப்பம். குறைவே இல்லாதவருக்கு இது மனசைத் தெளிய வைக்குமா? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 18,353 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. டிப்ரஷன் வராமல் தடுப்பதில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அதே ஆய்வில் மீன் எண்ணெயையும் சோதித்தார்கள், அதுவும் தடுக்கவில்லை.

மீன் எண்ணெய் பற்றி இன்னும் கொஞ்சம். ஏற்கெனவே டிப்ரஷன் இருப்பவர்களுக்கு, மாத்திரையோடு கூடுதலாகக் கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்த ஆய்வுகள் உண்டு. அவற்றில் ஈ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலம் தினம் ஒரு கிராம் அளவுக்குப் போயிருக்கும். நம் கடைகளில் விற்கும் சாதாரண கேப்ஸ்யூலில் முன்னால் 1000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் பார்த்தால் ஈ.பி.ஏ. 180, இன்னொரு கொழுப்பு அமிலமான டி.ஹெச்.ஏ. 120 மில்லிகிராம். ஒரு கிராம் ஈ.பி.ஏ. வேண்டுமென்றால் ஐந்தாறு கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். ஒன்று சாப்பிட்டுவிட்டு மனசு தெளியும் என்று காத்திருப்பது வீண். வாரத்தில் இரண்டு நாள் சாளை மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள் என்பேன், காசும் மிச்சம். (என் மாமியார் சாளையை வீட்டுக்குள் விடமாட்டார், முள்ளாம். அது வேறு கதை.)

மஞ்சள், குங்குமப்பூ இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குஜராத்தில் பவநகரில் 2014-ல் வந்த ஆய்வில் 60 பேருக்கு, மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற டிப்ரஷன் மாத்திரைக்கு ஈடாகவே இருந்தது. ஆனால் ஒப்பிட வெற்று மாத்திரை கொடுக்கவில்லை, அதனால் பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அங்கே கொடுத்தது தினம் ஒரு கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், அதற்கு 30 கிராமுக்கு மேல் தூளை முழுங்க வேண்டும். மிளகு மஞ்சள் பால் தொண்டைக்கு நல்லது, அவ்வளவுதான். குங்குமப்பூவுக்கு டெஹ்ரானில் தினம் 30 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் எல்லாம் சின்னவை. நம் சந்தையில் கிடைப்பதில் எது அசல் குங்குமப்பூ, எது சாயம் போட்ட நார் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே பாதி டென்ஷன் வந்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் ஏன் எல்லாரும் 'இயற்கையா' என்றே கேட்கிறார்கள்? என் கணிப்பு, செடியின் மேல் உள்ள நம்பிக்கை அதில் பாதிகூட இல்லை. மனநல டாக்டர் பெயர் அச்சடித்த சீட்டு வீட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பொண்ணு பார்க்க வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆபீஸில் எச்.ஆர். மூலிகை பாட்டிலை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 2015-16-ல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், டிப்ரஷன், பதற்றம் போன்றவை இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சிகிச்சையில் இல்லை என்று தெரிந்தது. அந்த நாலு பேரில் எத்தனையோ பேர் எங்களைப் போன்ற கவுண்டர்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூலிகை அவர்களைக் கெடுப்பதைவிட, 'இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்' என்று அது தின்கிற மாதங்கள்தான் அதிகம் கெடுக்கின்றன.

மாத்திரை பயமும் ஒரு காரணம். "பழகிப்போயிரும், விட முடியாதுங்கிறாங்க." இங்கே இரண்டு வேறு மருந்துகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் ஆல்பிரசோலம் வகை பழகிப்போகும், உண்மை. அதனால்தான் அது ஷெட்யூல் எச்-1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, வாங்கியவர் பெயரும் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரும் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், அதை மூன்று வருடம் நாங்கள் வைத்திருக்க வேண்டும். 'நாலே நாலு குடுங்கக்கா' என்று என்னிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற டிப்ரஷன் மாத்திரை வகை வேறு. போதை கிடையாது, டோஸை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், புத்தகம் ஒரு பக்கம், நானே சாப்பிட்டவள் என்பது இன்னொரு பக்கம். அப்பா போன பிறகு. முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, பகலெல்லாம் கொட்டாவி, ராத்திரி தூக்கம் இல்லை. கடையை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. நோயைவிட மருந்து மோசம் என்று பெரும்பாலானவர்கள் விடுவது இந்த இடத்தில்தான். மூன்றாவது வாரத்துக்கு மேல், சில்லறை எண்ணும்போது என் கை நடுங்குவதில்லை என்பதை என் வீட்டுக்காரர்தான் முதலில் கவனித்தார். அப்போது வீட்டில் பெரியப்பா கொடுத்த அமுக்கராப் பொடியும் இருந்தது. டாக்டரிடம் அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இப்போதைக்கு நிறுத்தி வைங்க. ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா எது கேக்குது, எது தொந்தரவு பண்ணுதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். இவ்வளவுதான் பேச்சு. மூலிகை சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் அதையும் வைத்தியரிடமே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது. நாடி பார்ப்பார்கள், வேறு என்ன மருந்து என்று கேட்பார்கள், சுகர் இருந்தால் சர்க்கரை சேராததாகத் தருவார்கள். ரீல்ஸ் பார்த்து வாங்கும் டப்பா உங்களை எதுவும் கேட்காது.

தூக்கம், பசி, வேலை எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால், எந்தப் பொடியையும் சோதித்துப் பார்க்கும் நேரம் இல்லை அது. 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்கே போன் செய்யுங்கள்: 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள். கூச்சமாக இருந்தால் பெயர் சொல்ல வேண்டாம், கஷ்டத்தை மட்டும் சொன்னால் போதும்.

மற்றவர்கள் என்னிடம் கேட்க வரும்போது, சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பாட்டில், பொட்டலம், ஜெர்மனிப் பெட்டி, மாலா, பழைய சீட்டு எல்லாம். போனில் படம் அனுப்பினால் பின்பக்கப் பொடி எழுத்து எனக்குத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியோடு ஷட்டரை இறக்கிவிடுவோம், அதற்குள் வந்துவிடுங்கள்.